‘ஃபசீஷஸ்’ என்றால் பாராட்டா, திட்டா?

கேள்வி இதுதான்: பெங்களூரு வைட்ஃபீல்டில் வேலை. லண்டன் டீமோடு கால். புரொடக்ஷன், அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சிஸ்டம், இரண்டு மணி நேரமாக டவுன். ‘எப்போ சரியாகும்?’ என்று கேட்டதற்கு, ‘ஃபிக்ஸ் கிளம்பிடுச்சு, சில்க் போர்டு சிக்னல்ல நிக்குது’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன் (சில்க் போர்டு, டிராஃபிக் நெரிசலுக்குப் பேர்போன பெங்களூர்ச் சந்திப்பு). இந்தப் பக்கம் நாலு பேர் சிரித்தார்கள். கால் முடிந்ததும் லண்டன் மேனேஜர், ‘யூ வேர் பீயிங் ஃபசீஷஸ்’ என்று மெசேஜ் அனுப்பினார். அகராதியில் ‘நகைச்சுவையான, வேடிக்கையான’ என்று போட்டிருந்தது. ‘தேங்க் யூ!’ என்று பதில் போட்டுவிட்டேன். அதன் பிறகு அவர் பேச்சில் ஒரு மாதிரி இருக்கிறார். இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன அர்த்தம்? எங்கே பயன்படுத்துவது?

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அது பாராட்டு அல்ல. பெரிய திட்டும் அல்ல. ‘அந்த இடத்தில் அந்த ஜோக் தேவையா?’ என்று இங்கிதமாகக் கேட்டிருக்கிறார். நீங்கள் ஆச்சரியக்குறியோடு ‘தேங்க் யூ’ சொன்னதும் அவர் என்ன நினைத்திருப்பார்? அதையும் ஃபசீஷஸாகத்தான் சொல்கிறீர்கள் என்றே நினைத்திருப்பார். கண்டித்தவரிடமே திரும்பவும் குசும்பு பண்ணியதாக ஆகிவிட்டது. ‘ஒரு மாதிரி’ இருப்பதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அகராதி பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொன்னது. ஃபசீஷஸ் என்பதில் நகைச்சுவை உண்டு. ஆனால் ஒரு பேச்சு எவ்வளவு சிரிப்பு மூட்டுகிறது என்பது அந்தச் சொல்லின் கவலை இல்லை. சிரிப்பு எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அதன் கவலை. எல்லாரும் பொறுப்பாகப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், விஷயம் தெரிந்தே, வேண்டுமென்றே ஒருவர் விளையாட்டாக ஒன்றைப் போட்டு உடைப்பது, அதுதான் ஃபசீஷஸ். தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. ஆனால் நம்மிடம் அதைவிடக் கச்சிதமான ஒரு தொடர் இருக்கிறது: இடம், பொருள், ஏவல். அது பார்க்காமல் அடிக்கும் குசும்புதான் ஃபசீஷஸ். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

வெறும் ‘குசும்பு’ என்று மொழிபெயர்த்தால் ஏன் சரிவராது? குசும்பில் செல்லம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘உனக்குக் குசும்பு ஜாஸ்திடா’ என்று பாட்டி சொன்னால் பேரன் இன்னும் இரண்டு மடங்கு பண்ணுவான். ‘லொள்ளு’வும் அப்படித்தான், கோயம்புத்தூர்க்காரரிடம் சொன்னால் சான்றிதழ் வாங்கியதுபோலச் சிரிப்பார். ஃபசீஷஸில் அந்தச் செல்லம் இல்லை. ‘நக்கல்’, ‘எகத்தாளம்’ என்றால் எதிரே ஓர் ஆள் அடிபட வேண்டும். ஃபசீஷஸுக்கு அடிபட ஆள் தேவையில்லை, விஷயத்தின் கனம் அடிபட்டால் போதும். ‘இடக்கு’ கொஞ்சம் கிட்டே வருகிறது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் கோணலாகச் சொல்வது அதிலும் உண்டு. ஆனால் இடக்கில் முரண்டு கலந்திருக்கும், சிரிப்பு கட்டாயம் இல்லை. பெங்களூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு உதவி: கன்னடத்தில் ‘குசோத்ய’ என்று ஒரு சொல் உண்டு, விஷமத்தனமான கேலிக்கு. ‘தமாஷெ’ என்றால் வெறும் வேடிக்கை. உங்கள் டீமில் இருக்கும் கன்னட நண்பருக்கு ஃபசீஷஸை விளக்க வேண்டி வந்தால், ‘தமாஷெ’ என்று சொல்லாதீர்கள், ‘குசோத்ய’ என்று சொல்லுங்கள், சட்டென்று புரியும்.

இந்திய ஆங்கிலத்தில் நாம் புழங்கும் ‘டோன்ட் ஆக்ட் ஸ்மார்ட்’ இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். இரண்டுக்கும் நடுவில் வேறுபாடு உண்டு. ‘ஆக்ட் ஸ்மார்ட்’ என்பது திமிரைக் கண்டிக்கிறது. ஃபசீஷஸ் என்பது விளையாட்டுத்தனத்தைக் கண்டிக்கிறது. உங்கள் மேனேஜர் உங்களைத் திமிர் பிடித்தவர் என்று சொல்லவில்லை. அந்த அளவில் நிம்மதி.

சரி, கிட்டத்தட்ட ஒரே மாதிரி தோன்றும் மற்ற சொற்களிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? ஆளுக்கொரு உதாரணம் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே சம்பவத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பொருத்திப் பார்ப்போம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பக்கமெல்லாம் மழைத் தண்ணீர் தேங்கி, ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்களே, அந்தக் காலை. மீட்டிங்கில் மேலாளர் கவலையோடு, ‘பாதி டீம் வர முடியவில்லை, இன்றைய டெலிவரியை என்ன செய்வது?’ என்று கேட்கிறார் என்று வையுங்கள்.

ஒருவர் சொல்கிறார்: ‘சார், கேப் அலவன்ஸுக்குப் பதிலா படகு அலவன்ஸ் கிடைக்குமா?’ இது ஃபசீஷஸ். கேள்வி டெலிவரியைப் பற்றி. பதில் வேண்டுமென்றே விளையாட்டு. யாரையும் குத்தவில்லை. படகு அலவன்ஸ் கிடைக்காது என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

இன்னொருவர்: ‘பரவாயில்லையே, நம்ம மாநகராட்சி வரி வாங்கி வீட்டு வாசல்லயே நீச்சல் குளம் கட்டிக் கொடுத்திருக்கு.’ இது சார்காஸ்டிக். புகழ்வதுபோல் இகழ்கிறார். அடி வாங்குபவர் யார் என்பது தெளிவாக இருக்கிறது. கிரேக்கத்தில் சதையைப் பிய்ப்பது என்ற வினையிலிருந்து வந்த சொல் அது; கடி இல்லாமல் சார்காஸம் இல்லை.

மூன்றாமவர்: ‘விடுங்க சார், வருஷா வருஷம் நடக்கிறதுதானே.’ இது ஃபிலிப்பன்ட். இதில் ஜோக் இல்லை, அலட்சியம் இருக்கிறது. ஃபசீஷஸும் ஃபிலிப்பன்ட்டும் ஆங்கிலேயர்களே அடிக்கடி மாற்றிப் போடும் ஜோடி, ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கலாம். ஃபசீஷஸாகப் பேசுகிறவர் சிரிக்க வைக்க முயல்கிறார். ஃபிலிப்பன்ட்டாகப் பேசுகிறவருக்கு அந்த விஷயம் ஒரு பொருட்டே இல்லை. ‘வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்டானாம்’ என்று சொல்வோமே, அந்த ஆள் ஃபிலிப்பன்ட். அவன் ஜோக் அடிக்கவில்லை, அவனுக்கு உண்மையாகவே சுருட்டுப் பற்றவைக்க வேண்டும். எரிகிற வீட்டைப் பார்த்து ‘இன்னிக்கு அடுப்பு மிச்சம்’ என்று ஒருவன் சொன்னால் அவன் ஃபசீஷஸ். ஒரே பேச்சு இரண்டாகவும் இருக்கலாம். எது தூக்கலாக இருக்கிறதோ அந்தச் சொல்லைப் போடுங்கள்.

நான்காமவர் முழங்கால் வரை நனைந்த பேன்ட்டோடு உள்ளே வந்து, தன் காலையே பார்த்து மெல்லச் சிரித்து, ‘ஷூவுக்குப் பாலிஷ் போட்ட அன்னிக்கே…’ என்று இழுக்கிறார். இது ரை. கஷ்டம் தன்னுடையது, சிரிப்பும் தன்னைப் பார்த்தே. உதடு ஒரு பக்கம் கோணும் சிரிப்பு அது. ‘ரை’ என்றாலே கோணல், திருகல். பாராட்டுச் சொல்தான். இதையே முகத்தில் துளி மாற்றம் இல்லாமல், லோன் அப்ளிகேஷன் படிப்பதுபோலச் சொன்னால் டெட்பேன். இன்னும் கசப்பேறி, ‘எல்லாம் முழுகித்தான் போகும், இன்னிக்கு ரோடு, நாளைக்கு கம்பெனி’ என்று வந்தால் சார்டானிக். மற்றபடி விட்டி, ஹ்யூமரஸ், ஹிலேரியஸ் எல்லாம் குழப்பமில்லாத பாராட்டுகள். அவற்றைப் பார்த்து நீங்கள் தைரியமாக ‘தேங்க் யூ’ சொல்லலாம்.

அந்தப் படகு அலவன்ஸ் ஜோக்குக்குத் திரும்புவோம், அதில் இன்னும் விஷயம் இருக்கிறது. அதே வரியை டிராக்டரில் நனைந்துகொண்டே வந்த நாலு பேர் தங்களுக்குள் சொல்லிக்கொண்டால் அது வெறும் ஜோக். யாரும் ஃபசீஷஸ் என்று சொல்ல மாட்டார்கள். மீட்டிங்கில் மேலாளர் கவலைப்படும்போது சொன்னால் லேசான ஃபசீஷஸ். தரைத்தள வீட்டில் தண்ணீர் புகுந்து ஃப்ரிட்ஜும் குழந்தையின் புத்தகங்களும் போய்விட்டன என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது சொன்னால் பயங்கர ஃபசீஷஸ், அடுத்த வாரம் முழுக்க யாரும் உங்களோடு டீ குடிக்க வர மாட்டார்கள். வரி ஒன்றுதான். இடம் மாற மாற அடைமொழி மாறுகிறது. எனவே ‘இது ஃபசீஷஸான ஜோக்கா?’ என்று வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் சொல்ல முடியாது. யார், யாரிடம், எப்போது சொன்னார் என்பதும் சேர்ந்து வர வேண்டும். நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி என்று வள்ளுவர் 995-ஆம் குறளில் சொன்னாரே, அவர் பேசுவது இகழ்ச்சியைப் பற்றி; ஆகவே அது சார்காஸத்துக்கு நெருக்கம். ஃபசீஷஸில் இகழும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் சொன்னவருக்குத் தான் என்ன தப்புச் செய்தோம் என்றே சில சமயம் புரிவதில்லை.

இப்போது இலக்கணம். உங்கள் மேனேஜர் எழுதிய வாக்கியத்தில் மிக முக்கியமான சொல் ஃபசீஷஸ் அல்ல, ‘பீயிங்’. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘யூ ஆர் ஃபசீஷஸ்’ என்றால் அது உங்கள் குணத்தைப் பற்றிய தீர்ப்பு. ‘யூ ஆர் பீயிங் ஃபசீஷஸ்’ என்றால் இந்த நேரத்தில் நீங்கள் செய்யும் காரியத்தைப் பற்றிய பேச்சு. தமிழில் ‘நீ குசும்பன்’ என்பதற்கும் ‘குசும்பு பண்றே’ என்பதற்கும் உள்ள தூரம்தான். அவர் ‘வேர் பீயிங்’ என்று எழுதியிருப்பதால், அந்த ஒரு பதிலை மட்டும் சொல்கிறார். ஆளை அல்ல. ஆங்கிலத்தில் நாம் நினைத்து, விரும்பி நடந்துகொள்ளும் விதங்களைச் சொல்லும் பெயரடைகளுக்கு மட்டும்தான் இந்த ‘பீயிங்’ ஒட்டும். ‘ரூட்’, ‘சில்லி’, ‘கேர்ஃபுல்’ இவற்றுக்கு ஒட்டும். ‘டால்’, அதாவது உயரம், என்பதற்கு ஒட்டாது, ‘ஹி இஸ் பீயிங் டால்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஃபசீஷஸுக்கு ‘பீயிங்’ அவ்வளவு இயல்பாக ஒட்டுவதே, அது தெரிந்து செய்யும் காரியம் என்பதற்கு அத்தாட்சி. தெரியாமல் உளறியதை யாரும் ஃபசீஷஸ் என்று சொல்வதில்லை.

பேச்சில் இந்தச் சொல் பெரும்பாலும் சில தயார் அச்சுகளில்தான் வரும். அவற்றைப் பழகிக்கொண்டால் போதும். ‘ஆர் யூ பீயிங் ஃபசீஷஸ்?’ என்பது, ‘நிஜமாத்தான் கேக்கறியா, விளையாடறியா?’ என்பதற்குச் சமம். கேட்பவர் குரலைப் பொறுத்து எச்சரிக்கையாகவும் இருக்கும், உண்மையான சந்தேகமாகவும் இருக்கும். ‘ஐ வாஸ் ஒன்லி பீயிங் ஃபசீஷஸ்’ என்பது பின்வாங்கும் வாக்கியம்: ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்.’ மூன்றாவது அச்சுதான் ஆபீஸில் மிகப் பயன்படும்: ‘ஐ டோன்ட் மீன் டு பி ஃபசீஷஸ், பட்…’ உங்கள் கேள்வி உண்மையானது, ஆனால் கேட்டால் கிண்டல்போலத் தோன்றும் என்ற பயம் இருந்தால் இதை முன்னால் போடுங்கள். உதாரணமாக, மூன்று மாதமாக நடக்கும் ஒரு புராஜெக்டில், ‘கிண்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இதை உண்மையில் யார் பயன்படுத்தப் போகிறார்கள்?’ என்று கேட்க வேண்டியிருக்கும். அந்த ‘கிண்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்’தான் இது. ‘பட்’டுக்குப் பிறகு நிஜமாகவே ஜோக் வந்தால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது அது ‘ரிமார்க்’, ‘கமென்ட்’, ‘கொஸ்டின்’, ‘ஆன்ஸர்’, ‘டோன்’ போன்ற பேச்சு சம்பந்தமான சொற்களோடுதான் சேரும். ‘எ ஃபசீஷஸ் ரிமார்க்’ சரி. ‘எ ஃபசீஷஸ் மூவி’, ‘எ ஃபசீஷஸ் கார்ட்டூன் சேனல்’ தப்பு. படம் சிரிக்க வைத்தால் ‘ஃபன்னி’ அல்லது ‘ஹிலேரியஸ்’. எதைப் பற்றி என்று சொல்ல ‘அபவுட்’ போடுங்கள்: ‘டோன்ட் பி ஃபசீஷஸ் அபவுட் செக்யூரிட்டி.’ வினையடை ‘ஃபசீஷஸ்லி’. ‘பாதி விளையாட்டாக, பாதி உண்மையாக’ என்று நாம் சொல்வதற்கு ‘ஹாஃப் ஃபசீஷஸ்லி’ என்று ஓர் அழகான பயன்பாடு இருக்கிறது. ‘ஃபசீஷஸ்னெஸ்’ என்ற பெயர்ச்சொல்லும் உண்டு, எழுத்தில் மட்டும் பாருங்கள், பேச்சில் நாக்கு தடுக்கும்.

அதிகம் சேதம் செய்யும் தப்பு எங்கே நடக்கிறது என்றால், பாராட்டு எழுதும் இடத்தில். ரெஸ்யூமில் ‘ஐ ஆம் எ ஃபசீஷஸ் பெர்ஸன்’ என்று எழுதினால், ‘முக்கியமான நேரத்தில் நான் விளையாடுவேன்’ என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். உடன் வேலை செய்தவருக்கு லிங்க்ட்இனில் பரிந்துரை எழுதும்போது ‘ஃபசீஷஸ் டீம்மேட்’ என்று எழுதினால் அவர் வேலையைக் கெடுத்தீர்கள். நகைச்சுவை உணர்வு உள்ளவர் என்று சொல்ல ‘ஹாஸ் எ கிரேட் சென்ஸ் ஆஃப் ஹ்யூமர்’ என்ற பழைய தொடரே போதும். புத்திசாலித்தனமான நகைச்சுவை என்றால் ‘விட்டி’. எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: உங்கள் வருடாந்திர அப்ரைசலில் ‘டெண்ட்ஸ் டு பி ஃபசீஷஸ் இன் மீட்டிங்ஸ்’ என்று வந்திருந்தால் அது பாராட்டுப் பத்தியில் இருந்தாலும் பாராட்டு அல்ல.

உச்சரிப்பு: ஃப-சீ-ஷஸ். மூன்று அசை, அழுத்தம் நடுவில் உள்ள ‘சீ’யில். முதல் அசை மிக மெலிதாக, கிட்டத்தட்ட விழுங்கியதுபோல வரும். எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் ‘ஃபேஸ்டியஸ்’, ‘ஃபேசிடியஸ்’ என்றெல்லாம் சொல்வார்கள். முகம் என்ற ‘ஃபேஸ்’ உள்ளே இருப்பதுபோல எழுத்து ஏமாற்றுகிறது. பொருளில் முகத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடைசி ‘ஷஸ்’ உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்: ஆம்பிஷஸ், நியூட்ரிஷஸ், காஷஸ் மூன்றிலும் அதே எழுத்துகள், அதே ஒலி.

ஸ்பெல்லிங்கில் தடுமாறுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, வினாடி வினாக்காரர்களுக்கு மிகப் பிடித்த தகவலும்கூட. எஃப், ஏ, சி, இ, டி, ஐ, ஓ, யு, எஸ். ஒன்பது எழுத்து. அதில் ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை, அகர வரிசை மாறாமல் வந்திருக்கின்றன: ஏ, இ, ஐ, ஓ, யு. இந்தப் பெருமை உள்ள சொற்கள் ஆங்கிலத்தில் மிகக் குறைவு, ‘அப்ஸ்டீமியஸ்’ இன்னொன்று. ‘ஃபசீஷஸ்லி’ என்று வினையடையாக்கினால் ஒய்யும் வரிசையில் வந்து சேர்ந்துகொள்ளும். பலர் ‘டி’க்குப் பின் ‘ஐ’யை விட்டுவிடுகிறார்கள், அல்லது ‘டி’க்குப் பதில் ‘சி’ போடுகிறார்கள். முதல் தப்பை இந்த வரிசை திருத்திவிடும். இரண்டாவதற்கு ‘ஆம்பிஷஸ்’ஸை நினைத்துக்கொள்ளுங்கள், அதிலும் ‘டி’தான்.

உருவம் ஒத்துப்போய் மாட்டிவிடும் சொற்கள் இரண்டு மூன்று இருக்கின்றன. ‘ஃபேக்டிஷஸ்’ என்றால் செயற்கையாக உண்டாக்கியது. மருத்துவத்தில் நோய் இருப்பதாக வேண்டுமென்றே காட்டிக்கொள்ளும் நிலைக்கு அந்தப் பெயர் உண்டு. ‘ஃபிக்டிஷஸ்’ என்றால் கற்பனை, இட்டுக்கட்டியது. போனில் ஆட்டோகரெக்ட் இவற்றில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டால், ‘உங்கள் ரிமார்க் ஃபிக்டிஷஸ்’ என்று பொய்க் குற்றச்சாட்டு ஆகிவிடும். அனுப்புவதற்கு முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அகராதி ஏன் ‘நகைச்சுவையான’ என்று போட்டது என்பதற்கும் காரணம் உண்டு. இதன் மூலம் லத்தீன். அங்கே அது நல்ல சொல்: பண்பட்ட, நயமான, சாதுரியமான பேச்சைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அந்த மணம் இருந்தது. பழைய ஆங்கில எழுத்தில் ஒருவரை ஃபசீஷஸ் ஜென்டில்மேன் என்று சொல்லியிருந்தால் சபையைக் கலகலப்பாக வைத்திருப்பவர் என்றே பொருள். பிறகு மெல்லச் சரிந்தது. இதே லத்தீன் வேரிலிருந்து வந்த ‘ஃபசீஷியீ’ என்ற பன்மைச் சொல்லுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் என்று பொருள். புத்தக வியாபாரிகள் தங்கள் பட்டியலில் ஆபாசப் புத்தகங்களுக்கு நாசூக்காக அந்தத் தலைப்பைப் போட ஆரம்பித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழருக்கு இது புதிதல்ல. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம். இன்று பூக்கடையில் போய் ‘நல்ல நாற்றம்’ என்று சொல்லிப் பாருங்கள். இழிபொருட்பேறு என்று நம் மொழியியல்காரர்கள் இதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள். பழைய பொருளை மட்டும் தாங்கி நிற்கும் இருமொழி அகராதியை வைத்து இன்றைய மெசேஜைப் படித்தால் பூக்கடை அனுபவம்தான் கிடைக்கும். இந்த மாதிரிச் சொற்களுக்கு ஆங்கிலத்துக்கு ஆங்கிலம் அகராதி ஒன்றைப் பாருங்கள், அதிலும் மொழி கற்பவர்களுக்கென்று போட்டது. அதில் ‘டிஸ்அப்ரூவிங்’ என்று ஒரு குறிப்பு இருக்கிறதா என்று முதலில் கண்ணை ஓட்டுங்கள். மறுப்புத் தொனி உள்ள சொல் என்பதற்கான அடையாளம் அது. சின்ன எழுத்தில் இருக்கும், பொருளைவிட முக்கியம்.

தொல்காப்பியத்தில் நகை பிறக்கும் இடம் நான்கு என்று சொல்லியிருக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். சார்காஸம் எள்ளலில் போய் உட்காரும். ஃபசீஷஸை நான் இளமை என்பதற்குப் பக்கத்தில் வைப்பேன், பெரியவர்கள் பேசும்போது நடுவில் புகுந்து விளையாடும் பிள்ளைத்தனம் அதில் இருப்பதால். உரைகாரர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். அதேபோல் வஞ்சப்புகழ்ச்சியையும் ஃபசீஷஸையும் குழப்பக் கூடாது. புறநானூறு 95-இல் ஒளவையார் தொண்டைமானின் ஆயுதங்களைப் பார்த்து, இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன. என் தலைவன் அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். சிரிப்பு வரும். ஆனால் போரைத் தடுக்கும் தூதுவரின் பேச்சு அது, விஷயத்தின் கனத்தைக் குறைக்காமல் கூட்டுகிறது. ஃபசீஷஸ் கனத்தைக் குறைக்கும். சொல்வது ஒன்று, உணர்த்துவது அதற்கு எதிர் என்று வரும் ஐரனிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் ஆங்கிலத்தில் தேடினாலும் கஷ்டம்.

எழுத்தில் வரும்போது தனி ஆபத்து. நேரில் சொன்னால் புருவமும் குரலும் ‘விளையாட்டு’ என்று சொல்லிவிடும்; சாட்டில் அது போய்விடும். கம்ப்யூட்டர் வலையில் ஜோக்கை ஜோக் என்று காட்டுவதற்காகவே 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் அந்தப் படுத்த சிரிப்புக் குறியை, முக்காற்புள்ளியும் கோடும் அடைப்புக்குறியுமாக, முன்மொழிந்தார். அப்போதே அந்தப் பிரச்சினை இருந்திருக்கிறது. ஆனாலும் ஸ்மைலி போட்டால் மட்டும் ஃபசீஷஸ் ஆகாமல் தப்பிக்க முடியாது. ஸ்மைலி ‘இது ஜோக்’ என்று சொல்லுமே தவிர, ‘இங்கே ஜோக் அடிக்கலாம்’ என்று அனுமதி வாங்கித் தராது.

அனுப்புவதற்கு முன் பார்க்க ஒரு சுருக்கு வழி: கேட்டவருக்கு இந்தப் பதிலால் தான் கேட்ட தகவல் கிடைத்ததா? உங்கள் சில்க் போர்டு வரியில் நேரம் இல்லை, காரணம் இல்லை, யார் பார்க்கிறார்கள் என்பதும் இல்லை. லண்டனில் இருப்பவருக்கு சில்க் போர்டு என்றால் என்னவென்றும் தெரியாது. பெங்களூர்க்காரர்கள் நாலு பேர் சிரித்தபோது அவருக்கு ஜோக்கும் புரியவில்லை, பதிலும் கிடைக்கவில்லை. ‘டேட்டாபேஸ் கனெக்ஷன் போய்விட்டது, பழைய நிலைக்குத் திரும்பும் ரோல்பேக் ஓடுகிறது, 40 நிமிடம் ஆகும், சில்க் போர்டில் மாட்டாமல் இருந்தால்’ என்று சொல்லியிருந்தால் ஃபசீஷஸ் என்ற பேச்சே எழுந்திருக்காது. தகவல் முதலில், குசும்பு வாலில்.

இப்போது அந்த ‘தேங்க் யூ’. அவர் தூங்கப் போவதற்கு முன், லண்டனில் வேலை நேரம் இருக்கும்போதே, குழு சாட்டில் அல்லாமல் அவருக்கு மட்டும், இதை ஆங்கிலத்தில் அனுப்புங்கள்: ‘ஐ மிஸ்ரெட் யுவர் மெசேஜ் யெஸ்டர்டே. ஐ தாட் ஃபசீஷஸ் வாஸ் எ காம்ப்ளிமென்ட், ஹென்ஸ் த தேங்க் யூ. ஸாரி அபவுட் போத். த ஃபிக்ஸ் வென்ட் லைவ் அட்…’ என்று எழுதி, சரியான நேரத்தைப் போடுங்கள். நடந்தது நேற்று இல்லை என்றால் ‘யெஸ்டர்டே’யை மாற்றிக்கொள்ளுங்கள். ‘போத்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், ஜோக்குக்கும் ‘தேங்க் யூ’வுக்கும் சேர்த்துத்தான் அந்த ஸாரி. ஸ்மைலி வேண்டாம். அவர் படித்ததும் சிரிப்பார் என்றுதான் நினைக்கிறேன். சிரித்து ஏதாவது எழுதினால், அதற்கு இன்னொரு ஜோக் போடாமல் ஒரு தம்ஸ்-அப்போடு விட்டுவிடுங்கள்.